மழை பொய்த்ததால்தான் சிரியாவில் போர் வந்ததா?

பேராற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

காலநிலை மாற்றத்தால் மக்கள் இடம்பெயர்வதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சிரியாவை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் போகிறார்கள். மழை பொய்த்தது, உழவர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு நகரத்துக்கு வந்தார்கள், அங்கே வேலை இல்லை, கலகம் பிறந்தது, கலகம் போராக முற்றியது, போருக்குத் தப்பியவர்கள் கடல் தாண்டி ஐரோப்பாவுக்குப் போனார்கள் என்று ஐந்து வரியில் கதை முடிந்துவிடுகிறது. இவ்வளவு வழவழப்பான கதையின்மீது எனக்கு எப்போதும் ஓர் ஐயம் உண்டு. விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளியலாம் என்றே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் படித்தவரையில், இக்கதைக்கு வலுச்சேர்த்தது 2015இல் காலின் கெல்லியும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரையாகும். போருக்கு முந்தைய மூன்றாண்டு வறட்சியைப் போன்ற ஒன்று நேர்வதற்கான வாய்ப்பை மனிதர்களால் உண்டான புவி வெப்பமாதல் இரண்டு முதல் மூன்று மடங்கு கூட்டியிருக்கிறது என்றும், அதனால் 15 இலட்சம் பேர்வரை கிராமங்களிலிருந்து நகர ஓரங்களுக்கு நகர்ந்தார்கள் என்றும் அது கூறியது. இரண்டே ஆண்டுகளில், 2017இல், ஜான் செல்பி உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் இதற்கு மறுப்பு எழுதினார்கள். வறட்சியால் கிளம்பியவை ஏறத்தாழ 40,000 முதல் 60,000 குடும்பங்களே என்பதும், அவர்கள்தாம் கலகத்தில் முன்னின்றார்கள் என்பதற்குச் சான்று மிகக் குறைவு என்பதும் அவர்கள் வாதம். குடும்பத்துக்கு ஐந்தாறு பேர் என்று வைத்துக்கொண்டாலும் இந்தக் கணக்கு இரண்டு இலட்சத்திலிருந்து ஏறத்தாழ மூன்றரை இலட்சத்தோடு நின்றுவிடுகிறது. பதினைந்து எங்கே, மூன்றரை எங்கே?

வறட்சி, இடப்பெயர்வு, கலகம் என்ற இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி உறுதியானது, எது சும்மா கட்டி வைத்தது என்பதே என் கேள்வி.

ஏர்க்கால்

நான் ஆய்வாளன் அல்லன். பம்புசெட்டு வைத்து நெல்லும் உளுந்தும் விளைவிப்பவன். ஆகவே இந்தக் கதையில் என் கண்ணில் பட்டது மழை அன்று, டீசல் விலை. 2008 மே மாதத்தில் சிரிய அரசு டீசலுக்கான மானியத்தை வெட்டியதில், லிட்டர் 7 சிரிய பவுண்டுக்கு விற்றது ஒரே நாளில் 25 பவுண்டு ஆயிற்று. வறட்சி உச்சத்தில் இருந்த பருவம் அது. வானம் கைவிட்ட நேரத்தில் உழவனுக்கு மிச்சமிருப்பது கிணறு ஒன்றுதான்; அந்தக் கிணற்றில் இறைக்கிற செலவை அரசு மூன்றரை மடங்காக்கியது. அடுத்த ஆண்டே உர மானியமும் போயிற்று. நம் ஊரில் பம்புசெட்டுக்குக் கட்டணமில்லா மின்சாரம் இருப்பதால் இதன் கனம் நமக்குச் சட்டென்று உறைக்காது.

கிணறுகளின் கதை இன்னும் பழையது. வடகிழக்கில் யூப்ரடீசுக்கும் டைகிரிசுக்கும் இடைப்பட்ட சமவெளியை அல்-ஜசீரா என்பார்கள். தீவு என்று பொருள். நாட்டின் கோதுமையிலும் பருத்தியிலும் பெரும்பங்கு அங்கே விளைந்தது. கோதுமையில் தன்னிறைவு என்பதை அரசு கௌரவமாகவே கருதியதால், ஆழ்துளைக் கிணறுகளை உரிமம் பெற்றும் பெறாமலும் தோண்டத் தடையே இருக்கவில்லை. 1999இல் 1,35,000 அளவில் இருந்த கிணறுகள் 2007இல் 2,13,000ஐத் தாண்டின. யூப்ரடீசில் கலக்கும் காபூர் ஆற்றுக்குத் தலைமடை ராஸ் அல்-அய்ன் ஊற்றுகள். அரபியில் அந்தப் பெயரே ஊற்றுத்தலை என்றுதான் பொருள்படும். அந்த ஊற்றுகள் 2006க்கு முன்பே வற்றத் தொடங்கிவிட்டன. எல்லைக்கு அப்பால் துருக்கியிலும் இதே நிலத்தடி நீரைத்தான் இறைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மழை மூன்றாண்டு பொய்க்கலாம், முன்பும் பொய்த்திருக்கிறது. நிலத்தடியில் இருப்பு இருந்தால் அதைத் தாண்டிவிடலாம். இருப்பைக் கரைத்தவர் யார், இறைக்கும் செலவை ஏற்றியவர் யார் என்று கேட்காமல் வானத்தை மட்டும் கைகாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கருமுகில்

ஏர்க்கால் ஐயா சொன்னவற்றில் ஒரு தகவலையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றிலிருந்து காலநிலை மாற்றத்துக்குப் பங்கில்லை என்ற முடிவுக்கு யாரேனும் தாவிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதியின் மர வளையங்களை ஆராய்ந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, 1998 முதல் 2012 வரை நீடித்த வறண்ட காலத்தைப் போன்ற ஒன்று கடந்த 500 ஆண்டுகளில் அங்கே நிகழ்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று கண்டது. அங்கே மழை குளிர்காலத்துக்கு உரியது. அந்தக் குளிர்கால மழை மெல்லக் குறைந்துவருவதும், வெப்பம் ஏறுவதால் பெய்த மழையிலும் மண்ணில் தங்குவது குறைவதும் சேர்ந்தே வேலை செய்கின்றன. 2007-08 பருவத்தில் மானாவாரிப் பார்லி ஏறக்குறைய முழுமையாகக் கருகிப்போக, ஆடு மேய்ப்பவர்கள் மந்தைகளில் பெரும்பகுதியை இழந்தார்கள். அவர்களுக்கு டீசல் விலையோடு என்ன தொடர்பு? மேய்ச்சல்காரர்களிடம் பம்புசெட்டு கிடையாது. கோதுமையை ஏற்றுமதி செய்த நாடு பல ஆண்டுகளுக்குப் பின் 2008இல் இறக்குமதிக்குக் கையேந்தியதற்கு அரசின் கொள்கை மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

கெல்லியின் கட்டுரையில் இரண்டு தனித்தனிக் கூற்றுகள் உள்ளன என்பதையும் கவனிக்க வேண்டுகிறேன். வறட்சியின் வாய்ப்பு கூடியது என்பது வானிலைத் தரவையும் கணிப்பு மாதிரிகளையும் கொண்டு சொல்லப்பட்டது. 15 இலட்சம் பேர் நகர்ந்தார்கள் என்பது பிறர் சொன்னதை எடுத்தாண்டது. இரண்டாவது தளர்ந்தால் முதலாவதும் சேர்ந்து விழுந்துவிடாது.

திண்ணைக்காரன்

வானத்தின்மேல் பழிபோட்டால் யாருக்கு லாபம் என்பதையும் பார்க்க வேண்டும். 2007இல் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கீ-மூன், சூடானின் டார்பூர் மோதலுக்கான வேர்களில் காலநிலை மாற்றமும் ஒன்று என்று பத்திரிகையில் எழுதியபோது, ஊர்களைக் கொளுத்திய குதிரைப் படைகளுக்கு ஆயுதம் தந்த சூடான் அரசுக்கு இது ஒரு சாக்காகிவிடும் என்று பலர் கண்டித்தார்கள். சிரிய அரசும் போருக்கு முன்பே தன் துயரங்களுக்கெல்லாம் வறட்சியைக் காரணமாகச் சொல்லி உலக உதவி கோரியது. மழைமீது வழக்குப் போட முடியாதல்லவா!

அதே வறட்சி வடக்கு ஈராக்கிலும் ஜோர்தானிலும் இருந்தது. அங்கெல்லாம் ஏன் 2011இல் ஆட்சிக்கு எதிரான போர் வெடிக்கவில்லை என்று ஒருவரும் கேட்பதில்லை.

வன்னிக்காற்று

முதலில் ஒரு சொல் திருத்தம். எங்கள் பக்கத்தில் நாட்டுக்குள்ளே ஊர்விட்டு ஊர் போவதை இடம்பெயர்வு என்போம். நாட்டை விட்டுப் போவதைப் புலம்பெயர்வு என்போம். இரண்டையும் அனுபவித்தவர்கள் இந்த வேறுபாட்டைக் கலந்துவிட மாட்டார்கள். சிரியாவின் வடகிழக்கில் உள்ள ஹசகாவிலிருந்து தெற்கே உள்ள தெரா நகருக்கு வந்து கூடாரம் போட்டவர் இடம்பெயர்ந்தவர். அங்கிருந்து எல்லை கடந்தவர் புலம்பெயர்ந்தவர். ஒரே ஆள் இரண்டுமாக ஆகியிருக்கலாம். ஆனால் கணக்கெடுப்பில் அவர் இரண்டாவதாக மட்டுமே பதிவாகிறார்.

இதை நான் எங்கள் வீட்டிலிருந்தே சொல்ல முடியும். நான் ஜேர்மனியில் வளர்ந்தவன். அப்பா யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் வெங்காயமும் மிளகாயும் செய்த தோட்டக்காரர். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது மண்ணெண்ணெயும் யூரியாவும் குடாநாட்டுக்குள் வருவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. இறைப்பு மெசின் ஓடவில்லை. அப்பா மறுபடியும் துலா கட்டி இறைத்தார்; ஆறு பரப்புத் தோட்டம் இரண்டு பரப்பாகச் சுருங்கிவிட்டது. கடன் ஏறியது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது அவர் கையில் எதுவும் மிச்சமில்லை. பிறகு ஜேர்மனியில் அகதி விசாரணையில், ஏன் நாட்டை விட்டு வந்தீர் என்று கேட்டபோது அவர் செல்லடியைப் பற்றியும் கைதுகளைப் பற்றியும் மட்டும்தான் சொன்னார். தோட்டம் காய்ந்ததைச் சொல்ல வேண்டாம், சொன்னால் பிழைப்புத் தேடி வந்தவர் என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள் என்று முன்னர் வந்தவர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை. சொல்லாமல் விட்டதும் உண்மைதான்.

எங்கள் வீட்டில் வறட்சி இருக்கவில்லை, போர்தான் இருந்தது. இருந்தும் தண்ணீர் இறைக்க முடியாமற்போனது எங்களை முதலில் தளர்த்தியது. 2015இல் இங்கு வந்திறங்கிய சிரியர்களுக்காக நான் ஓரிடத்தில் தன்னார்வமாக வேலை செய்தபோது, டெய்ர் எஸ்-சோர் பக்கத்து உழவர் ஒருவர் தேநீர் குடித்தபடி கிணறு வற்றிய கதையை ஒரு மணி நேரம் சொன்னார். மறுநாள் விசாரணையில் அதில் ஒரு சொல்கூட அவர் வாயிலிருந்து வராது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. சட்டம் ஒரு காரணத்தை மட்டும் கேட்கும்போது மனிதர்கள் அந்த ஒன்றை மட்டும் சொல்லப் பழகிவிடுகிறார்கள். அந்த வாக்குமூலங்களைக் கூட்டிப் பார்த்து, இத்தனை பேர் போரால் வந்தவர்கள், வறட்சியால் வந்தவர்கள் யாருமில்லை என்று ஆய்வாளர்கள் எழுதினால் அந்த எண்ணுக்கு என்ன பொருள்?

பேராற்றங்கரை

வன்னிக்காற்று எழுதியதை இரண்டுமுறை படித்தேன். கண்ணிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி என் கேள்வியை அமைத்ததே தவறோ என்று இப்போது தோன்றுகிறது.

பாலைநிலவன்

2013 முதல் நான்கு ஆண்டுகள் வடக்கு ஜோர்தானில் தண்ணீர் வழங்கும் ஒப்பந்தப் பணியில் இருந்தேன். 2012 ஜூலையில் திறக்கப்பட்ட ஸாதரி முகாமில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தெரா மாகாணத்துக்காரர்கள். கலகம் தொடங்கிய அதே தெரா. பள்ளிச் சிறுவர்கள் சுவரில் எழுதியதற்காகக் கைதானதிலிருந்து 2011 மார்ச்சில் அங்கே எல்லாம் தொடங்கியது என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். அந்த நகரின் ஓரத்தில் வடகிழக்கிலிருந்து வறட்சிக்குத் தப்பி வந்தவர்களும் கூடாரங்களில் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஊர்வலம் போனவர்கள் அந்த ஊரின் வேரூன்றிய குடும்பங்கள். முகாமில் என்னோடு வேலைபார்த்த தெராக்காரர்களிடம் இதைக் கேட்டபோது, கூடாரத்துக்காரர்கள் கூலிக்கு வந்தவர்கள், அவர்களுக்கு எங்கள் ஊர் அரசியலில் என்ன வேலை என்று சற்று ஏளனமாகவே பதில் வந்தது.

இங்கே யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். போருக்கு வெகுகாலம் முன்பிருந்தே சிரிய உழவுக் கூலிகள் பருவந்தோறும் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்குக்கும் ஜோர்தானுக்கும் அறுவடைக்குப் போய்வந்தார்கள். அவர்களைக் கூட்டிச்சென்று, கூலியில் தன் பங்கை எடுத்துக்கொண்டு, பண்ணைக்காரருக்கும் கூலிகளுக்கும் நடுவில் நின்றவருக்கு ஷாவீஷ் என்று பெயர். நம் தேயிலைத் தோட்டக் கங்காணியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வறட்சிக் காலத்தில் இந்தப் போக்குவரத்து பெருகியது. போர் வந்ததும், முன்பு பெரும்பாலும் ஆண்கள் நான்கு மாதம் தங்கிய அதே வயலோரக் கூடாரங்களுக்கு மனைவி மக்களும் வந்து சேர்ந்தார்கள். கூலித் தலைவராக இருந்த ஷாவீஷே அகதிக் கூடாரங்களுக்கும் தலைவரானார். வறட்சி திறந்துவைத்த தடத்தில்தான் போர் மக்களை அனுப்பியது என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

ஜோர்தானைப் பற்றியும் ஒரு சொல். உலகிலேயே தண்ணீர் மிகவும் அரிதான நாடுகளில் அது ஒன்று. தலைநகர் அம்மானிலேயே குழாயில் வாரத்துக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். வீடுகளெல்லாம் மொட்டைமாடித் தொட்டியை நம்பியே இருக்கின்றன. அத்தகைய நாட்டின் வறண்ட மூலையொன்றில், நிலத்தடி நீர்ப் படுகைக்கு மேலேயே ஏறத்தாழ 80,000 பேருக்கான முகாம் எழுந்தது. தொடக்கத்தில் லாரிகளில் கொடுத்தோம். பின்னர் கிணறும் குழாய்வலையும் அமைந்தன. பக்கத்து மஃப்ரக் நகரத்தார், எங்கள் தொட்டி காலியாக இருக்கையில் லாரிகள் எங்கள் தெரு வழியாக முகாமுக்குப் போகின்றனவே என்று வழிமறித்த நாட்களும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல என் மனம் ஒப்பவில்லை.

அலைவாய்க்கரை

சிரியாவை மட்டும் பார்த்தால் கிளம்பியவர்களை மட்டுமே பார்ப்போம். கிளம்ப முடியாமற்போனவர்களைப் பார்க்கச் சோமாலியாவுக்குப் போக வேண்டும்.

2010ஆம் ஆண்டு இறுதி மழையும் 2011ஆம் ஆண்டு இளவேனில் மழையும் அடுத்தடுத்துப் பொய்த்தபோது, தெற்குச் சோமாலியாவின் பெரும்பகுதி அல்-ஷபாப் என்ற இஸ்லாமிய ஆயுத அமைப்பின் கையில் இருந்தது. அவர்கள் பல உதவி நிறுவனங்களை விரட்டினார்கள். மறுபுறம், உதவிப் பொருள் அவர்கள் கைக்குப் போனால் அமெரிக்கப் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தில் சிக்குவோமோ என்று மற்ற நிறுவனங்கள் தயங்கின. அந்தப் பஞ்சத்தில் ஏறத்தாழ 2,58,000 பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். கென்யாவின் தடாப் முகாம்களுக்குப் பல நாட்கள் நடந்து வந்து சேர்ந்தவர்களால் அங்கிருந்தோர் தொகை ஐந்து இலட்சத்தை நெருங்கியது. ஆனால் அந்த நடைக்கு ஒரு கழுதையோ, விற்பதற்கு ஓர் ஆடோ, கைக்குழந்தையைச் சுமக்க ஆளோ வேண்டியிருந்தது. இவை எதுவும் இல்லாதவர்கள் ஊரிலேயே முடிந்தார்கள். அவர்கள் எந்த இடப்பெயர்வுக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

அங்கே மரமும் ஆயுதமாயிற்று. வேல மரங்களை வெட்டி எரித்த கரி வளைகுடா நாடுகளுக்குக் கப்பலேறியது. அதில் வரி வாங்கி அல்-ஷபாப் வளர்ந்தது. 2012 பிப்ரவரியில் ஐ.நா. பாதுகாப்பு அவை அந்த ஏற்றுமதிக்குத் தடை விதித்த பின்னரும் வெட்டு நிற்கவில்லை. மரம் போன இடத்தில் ஒட்டகத்துக்கு நிழலும் இல்லை, தீனியும் இல்லை. அடுத்த வறட்சி அங்கேதான் முதலில் கடித்தது. 2020 இறுதியிலிருந்து தொடர்ந்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்தும், உதவி ஓரளவு போய்ச் சேர்ந்ததால் 2022இல் பஞ்சப் பிரகடனம் வரவில்லை. மாண்டவர்கள் அப்போதும் ஏராளம்.

திண்ணைக்காரன்

எண்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறேன். 2010க்குள் ஐந்து கோடி சுற்றுச்சூழல் அகதிகள் உலகில் இருப்பார்கள் என்று 2005 வாக்கில் ஐ.நா. வட்டாரங்களிலேயே சொன்னார்கள். 2010 வந்தது, அந்த ஐந்து கோடிப் பேரை யாராலும் காட்ட முடியவில்லை. உலக வங்கி 2021இல் சொன்ன 21.6 கோடியையும் நம் ஏடுகள் அகதிகள் என்றே எழுதுகின்றன. அந்த அறிக்கை பேசுவது 2050க்குள் தத்தம் நாட்டுக்குள்ளேயே நகரக்கூடியவர்களைப் பற்றி. அதுவும் நிலைமை மோசமாகப் போனால் எட்டக்கூடிய மேல்வரம்பு. ஐரோப்பாவின் வாசலில் இருபது கோடிப் பேர் நிற்கப்போவதாக அச்சமூட்டுவது வேலி கட்ட விரும்புகிறவர்களுக்குத்தான் உதவுகிறது.

கருமுகில்

இதில் திண்ணைக்காரருடன் முழுதாக உடன்படுகிறேன்; வழக்கமாக அப்படி நேர்வதில்லை என்பதால் பதிவு செய்கிறேன்.

அப்படியானால் சட்டத்தை விரிவாக்குவதுதான் வழியா? 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்தின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோரை மட்டுமே அகதி என்கிறது. பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியைச் சேர்ந்த அயோனே டெய்டியோட்டா, கடல் ஏறி வருவதால் திரும்பிப்போக முடியாது என்று நியூசிலாந்தில் வழக்காடித் தோற்றார். அவர் முறையீட்டை 2020 ஜனவரியில் வெளியான முடிவில் ஐ.நா. மனித உரிமைக் குழுவும் ஏற்கவில்லை. ஆனால் காலநிலை மாற்றத்தால் உயிருக்கே ஆபத்து என்ற நிலை வந்தால் ஒருவரைத் திருப்பியனுப்புவது உரிமை மீறலாகலாம் என்ற வாசலை அந்த முடிவு திறந்துவைத்தது.

வன்னிக்காற்று

உடன்படிக்கையைத் திறந்து திருத்தப் போனால், இன்று இருக்கிற அரசுகள் அதைச் சுருக்கித்தான் மூடும் என்பது என் பயம். இந்தியா அதில் கையெழுத்திடவே இல்லை. தமிழ்நாட்டு முகாம்களில் எங்கள் உறவினர் பல பத்தாண்டுகளாக எந்தச் சட்டப் பெயரும் இல்லாமல்தான் இருக்கிறார்கள். புதுச் சொல் கிடைப்பதைவிட, விசாரணை மேசையில் ஒரு மனிதர் தன் முழுக் கதையையும் சொன்னால் அது அவருக்கு எதிராகத் திரும்பாது என்ற நிலை வந்தாலே எனக்குப் போதும்.

ஏர்க்கால்

கருமுகில் அவர்கள் மேய்ச்சல்காரர்களைப் பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. அவர்களுடைய இழப்புக்கு வானமே முதற்காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பம்புசெட்டு உழவரைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

பாலைநிலவன்

2024 டிசம்பரில் அசாத் ஆட்சி வீழ்ந்தபின், முகாமில் பழகிய சிலர் ஊர் திரும்பத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் திரும்பிய முதல் குளிர்காலத்திலேயே மழை மறுபடியும் பொய்த்து, 2025இல் கோதுமை பெரிதும் குறைந்துவிட்டது. வடகிழக்கில் நிலைமை இன்னும் சிக்கல். ராஸ் அல்-அய்ன் அருகில் அலூக் என்ற இடத்தில் ஒரு நீரேற்று நிலையம் இருக்கிறது. ஹசகா பகுதியில் 4,60,000 பேர் அதை நம்பியிருந்தார்கள். 2019 அக்டோபரில் துருக்கியும் அதன் ஆதரவுப் படைகளும் அந்தப் பகுதியைப் பிடித்தது முதல் அது திரும்பத் திரும்ப நின்றுபோனது. நிலையத்துக்கு மின்சாரம் ஒரு தரப்பின் கையில், தண்ணீர் மறு தரப்பின் கையில் என்று இழுபறி நடந்தது. ஏர்க்கால் ஐயா சொன்ன அந்த வற்றிய ஊற்றுகளின் பக்கத்து ஊர்தான் இது.

ஹசகாவுக்குத் திரும்பிய ஒருவர் போன மாதம் படம் அனுப்பியிருந்தார். டீசல் இயந்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டுச் சூரியத் தகடுகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார். செலவில்லாமல் காலை முதல் மாலைவரை மோட்டார் ஓடுகிறதாம். கிணறு எத்தனை அடி என்று கேட்டேன். அப்பா காலத்தில் இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இறக்கியிருப்பதாகச் சொன்னார்.

ஏர்க்கால்

பக்கத்து வயல்காரர்களும் தகடு போட்டுவிட்டார்களா என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.